லிஸ்டில் இல்லாத இரண்டு

ராசாங்கம் ஓர் ஆபீஸில் சார்ஜ் எடுத்தால், அங்கே பல்லி ஒன்றுதான் வரிசை எண் வாங்காமல் தப்பிக்கும். சுவரில் அடித்த ஆணி பதினான்கு, அதில் வளைந்தது மூன்று. மண்பானை ஒன்று, மூடி இல்லை. காலண்டர் இரண்டு, ஒன்று போன வருஷத்தது. இப்படி ஒவ்வொன்றாக எழுதி, ஒப்படைப்பவரும் பெற்றுக்கொள்பவரும் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மனிதர் நாற்காலியில் உட்காருவார். அந்த நாற்காலியும் லிஸ்டில் இருக்கும். உட்கார்ந்த பிறகு என்ன வேலை பார்ப்பார் என்று கேட்டால், அதற்கு எந்த லிஸ்டிலும் பதில் கிடையாது.

அவர் செயலாளராக இருந்தது கல்லாற்றுப் பருத்தி உழவர் விற்பனைச் சங்கத்தில். பெரம்பலூரில் தலைமை ஆபீஸ், அரியலூரில் கிளை. எண்பத்தாறில் ஏதோ ஒரு திட்டத்தில் இரண்டு இடத்துக்கும் ஒவ்வொரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. வந்த அன்றைக்கு அதற்குச் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள். ராசாங்கம் அந்த அறைக்குள் செருப்போடு போகமாட்டார். உள்ளே உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் மட்டும் செருப்பைத் தூக்கி எறிகிற மாதிரி பேசுவார்.

அந்தப் பெண் அமலோற்பவமேரி. வரதராசன்பேட்டைக்காரி, வயது முப்பத்தொன்று. தட்டச்சுக்கு என்று தற்காலிகமாகச் சேர்ந்தவள். பிறகு திருச்சியில் ஆறு மாதம் போய்ப் படித்துவிட்டு வந்து கம்ப்யூட்டர் ஆபரேட்டர் ஆனாள். ஆறு வருஷமாகத் தற்காலிகம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேலையிலிருந்து ஒருநாள் நிறுத்தி மறுநாள் சேர்த்துக்கொள்வார்கள். மறுநாள் கூப்பிடாவிட்டால் ஊருக்குத் திரும்பிப் போய் அம்மாவோடு முந்திரி உடைக்க வேண்டியதுதான். முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டுப் பட்டு அம்மாவின் விரல் பத்தும் கருத்து, தோல் உரிந்து கிடக்கும். ஏலாக்குறிச்சி மாதாவிடம் அவள் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்று, இந்த வேலை நிரந்தரமாக வேண்டும். திருச்சி மேலதிகாரிக்கு அதற்குச் சிபாரிசு எழுத வேண்டியவர் ராசாங்கம். மாதாவுக்கும் அவளுக்கும் நடுவில் அவர்தான் நின்றார்.

எண்பத்தெட்டு மாசி மாதம் பெரம்பலூர் கம்ப்யூட்டரின் டிஸ்க் முனக ஆரம்பித்தது. மிக்ஸியில் கல் மாட்டிய மாதிரி ஒரு சத்தம். சங்கத்து உறுப்பினர்கள், அவர்களுடைய நிலம், யாருக்கு எத்தனை பை விதை என்பதெல்லாம் அந்த டிஸ்கில்தான் இருந்தது. அது போனால் எல்லாம் போச்சு. அமலோற்பவமேரி மூன்று தடவை எழுதிக் கொடுத்தாள். மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு சென்னையிலிருந்து இரண்டு புது டிஸ்க் அனுப்பினார்கள், இங்கே ஒன்று, அரியலூருக்கு ஒன்று. பெரம்பலூருக்கு ரயில் ஏது? பார்சல் அரியலூர் ஸ்டேஷனில் வந்து இறங்கியது. இவளே போய் வாங்கி, ஒன்றைக் கிளையில் கொடுத்துவிட்டு, மற்றதைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். குழந்தையா என்று எட்டிப் பார்த்த கிழவி ஒருத்தி, அட்டைப்பெட்டியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

திருச்சியிலிருந்து அருளானந்தம் என்ற என்ஜினீயர் வந்தார். பழைய டிஸ்க்கையும் புதியதையும் ஒரே மெஷினில் மாட்டி, புதியதைத் துடைத்துத் தயார் பண்ணினார்.

"மேடம், மொதல்ல சிஸ்டத்தைப் புதுசுக்கு மாத்திடுங்க. ஒரு கமாண்ட்தான், ஒரு நிமிசம். மெஷினை எழுப்பற ஃபைல் ரெண்டு இருக்கு, கண்ணுக்குத் தெரியாது. அது ரெண்டும் டிஸ்க்ல மொத எடத்துல போயி உக்காரணும். மத்ததெல்லாம் அப்புறம். முன்னாடியே வேற ஃபைல் போயி உக்காந்துடுச்சுன்னா அப்புறம் எடம் குடுக்காது. எல்லாம் முடிஞ்சதும் இந்த ரெண்டு பிளக்கை மாத்திச் சொருகுங்க, பழசைக் கழட்டிடலாம்" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினார்.

இந்த ஒரு நிமிஷ வேலையைத்தான் ராசாங்கம் மூன்று நாளாக்கினார்.

"ஏம்மா, இங்க வா. பழைய டிஸ்க் ஒப்படைக்குது, புது டிஸ்க் பெத்துக்குது. அப்படித்தானே?"

"அப்படியும் சொல்லலாங்க சார்."

"அப்படின்னா இது சார்ஜ். சார்ஜ்னா லிஸ்ட் வேணும். பழசுல என்னென்ன இருக்குன்னு பிரிண்ட் எடு. ஒவ்வொண்ணா மாத்து. ஒண்ணு மாறுச்சுன்னா டிக். டிக் போட்டதும் பழசுலேருந்து அழிச்சுடு. சார்ஜ் குடுத்தவன் கையில ஒரு குண்டூசி தங்கக் கூடாது."

"சார், மொத்தமா ஒரே தடவையில மாத்திடலாங்க. அழிக்கிறதும் இப்ப வேணாங்க. புதுசு ஒழுங்கா ஓடுதான்னு ரெண்டு நாள் பாத்துட்டு..."

"நான் குன்னத்துல கிளார்க்கா இருந்த காலத்துலேருந்து சார்ஜ் குடுத்து வாங்கறவன். நீ எனக்குச் சொல்லித் தர்றியா?"

லிஸ்ட் பிரிண்ட் ஆகி வந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு ஃபைல். ராசாங்கம் அதை விரலில் எச்சில் தொட்டுத் தொட்டுப் புரட்டினார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவு, பெற்ற பிள்ளையின் மார்க் ஷீட்டைப் பார்க்கிற மாதிரி.

அமலோற்பவமேரி நயமாகச் சொல்லிப் பார்த்தாள். "சார், இதுல வராதது இன்னும் ரெண்டு இருக்குங்க. அதுதான் மொதல்ல போவணும். புது வூட்டுக்குக் குடி போறப்ப மொதல்ல உப்பும் பாலும் எடுத்துட்டுப் போறோமில்லிங்களா, அந்த மாதிரி. அது இல்லாட்டி மெஷினே எழுந்திரிக்காதுங்க."

"லிஸ்ட்ல இருக்கா?"

"இருக்காதுங்க. அது மறைஞ்சிருக்கற ஃபைலுங்க."

மறைஞ்சிருக்கற என்ற சொல்லைக் கேட்டதும் ராசாங்கத்தின் கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியது. இவள் வேறு, நம்பட்டும் என்று இன்னொரு கமாண்ட் போட்டு, அதையும் பிரிண்ட் எடுத்து நீட்டினாள். மறைந்திருக்கும் ஃபைல் இரண்டு என்று மெஷினே வாயைத் திறந்து சொல்லியிருந்தது. நல்லது செய்யப் போய் நாயிடம் கடிபட்ட கதையாயிற்று.

"யாரு மறைச்சு வச்சது?"

"யாரும் வைக்கலிங்க. அது வரும்போதே அப்படித்தான் வரும்."

"ஏம்மா, குடோன்ல பதிவேட்டுல இல்லாம ரெண்டு பேல் பஞ்சு இருந்தா அதுக்கு என்ன பேரு? வரும்போதே அப்படித்தான் வந்துச்சுன்னு குடோன் கீப்பர் சொன்னா விட்டுடுவாங்களா? அதுல என்ன எழுதி வச்சிருக்கே, தொறந்து காட்டு."

"அது நாம தொறந்து படிக்கிற ஃபைல் இல்லிங்க சார்."

"படிக்க முடியாது, பாக்க முடியாது, லிஸ்ட்ல வராது. ஆனா மொத ஆளாப் போவணும். பேயா அது?" ராசாங்கம் சிரித்தார். தன் பகடிக்குத் தானே சிரிப்பது அவர் வழக்கம், வேறு யாரும் சிரிக்காததால் வந்த வழக்கம். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இதோ பாரு. வெள்ளிக்கிழமை இந்த லிஸ்ட்டு முந்நூத்திப் பன்னெண்டோட முடியணும். 'இவை தவிர வேறு எதுவும் மாற்றப்படவில்லை, வேறு எதுவும் தேவையில்லை'ன்னு கீழே எழுதுவேன். நீ கையெழுத்துப் போடு. மெஷினும் ஓடணும். ரெண்டும் நடந்தா அன்னிக்கே உன் சிபாரிசு திருச்சிக்குப் போவும். லிஸ்ட்டுக்கு வெளியே ஒரு துரும்பு நகந்துச்சு, நீ ஊருக்குப் போயி முந்திரி ஒடைக்கலாம்."

முந்திரி உடைப்பது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று அவள் திடுக்கிட்டாள். விண்ணப்பத்தில் தாயார் தொழில் என்ற இடத்தில் அவளே எழுதிக் கொடுத்ததுதான். அந்த மனிதர் படித்த ஒரே காகிதம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அவள் யோசித்தாள். சண்டை போட்டால் சிபாரிசு இல்லை. சொன்னபடி செய்தால் மெஷின் எழாது, அப்போதும் சிபாரிசு இல்லை. ராசாங்கம் டீ குடித்துவிட்டுக் கை கழுவப் போனார். அவர் கை கழுவினால் முழங்கை வரை கழுவுவார். அமலோற்பவமேரி கமாண்டைத் தட்டினாள். இரண்டு ஃபைலும் சத்தமில்லாமல் போய்ப் புது டிஸ்கில் முதல் இடத்தில் உட்கார்ந்தன. சிஸ்டம் மாற்றியாயிற்று என்று ஸ்கிரீனில் ஒரு வரி வந்தது. அதையும் துடைத்தாள். அவர் துண்டில் கை துடைத்துக்கொண்டு வரும்போது ஒன்றும் அறியாத பிள்ளையாக உட்கார்ந்திருந்தாள்.

பிறகு மூன்று நாள் கூத்து. அவள் ஒரு ஃபைலின் பெயரைச் சொல்வாள், மாற்றுவாள், அழிப்பாள். அவர் ஸ்கேல் வைத்து டிக் போடுவார். கான்ஃபிக் என்றும் ஆட்டோ என்றும் தொடங்கும் ஃபைல் பெயர்களை எல்லாம் ஒருவர் சொல்லி மற்றவர் திருப்பிச் சொன்னார்கள். கூட்டுறவு இயக்கம் இதற்காகத்தான் தொடங்கப்பட்டதோ என்னவோ.

வெள்ளிக்கிழமை பிளக்கை மாற்றிச் சொருகினாள். மெஷின் எழுந்தது. ராசாங்கம் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பத்து வருஷ வழக்கில் ஜெயித்தவன் பார்வை.

"எங்கம்மா உன் பேயி ரெண்டும்? அது இல்லாம ஓடுதே?"

"ஓடுதுங்க சார்" என்றாள் அமலோற்பவமேரி. கீழே கையெழுத்தைப் போட்டாள். தெளிவாக, முழுப் பெயரையும், தேதியோடு. உள்ளுக்குள் அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஒரு முட்டாளை ஏமாற்றியதில் இத்தனை சுகம் இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. சிபாரிசும் அன்றைக்கே போயிற்று. இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் நினைத்தாள். அவள் கெட்டிக்காரத்தனம் அந்த இடத்தோடு நின்றுவிட்டது.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவள் புளுகை ராசாங்கம் ஸ்டென்சில் போட்டு நகல் எடுத்து, 'டிஸ்க் மாற்றும் முறை' என்று தலைப்புக் கொடுத்து, தானே அரியலூர்க் கிளைக்குக் கொண்டுபோனார். பின்னிணைப்பாக அந்தச் சார்ஜ் லிஸ்ட், கடைசிப் பக்கத்தில் அவள் கையெழுத்து.

அரியலூரில் ஆபரேட்டர் செங்கமலம். விக்கிரமங்கலத்துப் பெண், இருபத்துமூன்று வயது. அப்பா அடுத்தவர் நிலத்தில் உழைத்துப் படிக்கவைத்தவர். அவளும் தற்காலிகம்தான். அவள் மெஷினிலும் அருளானந்தம் டிஸ்க்கை மாட்டிவிட்டுப் போனார். அவளும் ராசாங்கம் பக்கத்தில் இருக்க, இருநூற்று எண்பத்தேழு ஃபைலை ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொன்றாக அழித்தாள். பிளக்கை மாற்றினாள். மெஷின் எழவில்லை. இந்த டிஸ்கில் சிஸ்டம் இல்லை என்று ஒரே ஒரு வரி ஸ்கிரீனில் நின்றது, எந்தப் பட்டனை அமுக்கினாலும் அதே வரி.

ராசாங்கம் அரைமணி நேரம் அதைப் பார்த்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் ஆடியதற்குச் செங்கமலம் கோணல் என்று முடிவு கட்டினார். "இதே முறையில பெரம்பலூர்ல ஓடிச்சு. இங்க ஓடலைன்னா முறையில தப்பில்ல, ஆள்ல தப்பு." அறையைப் பூட்டி அரக்கு சீல் வைத்தார். விசாரணை முடியும்வரை யாரும் தொடக் கூடாது, என்ஜினீயரும் வரக் கூடாது. மெஷினை எழுப்பக்கூடிய ஃப்ளாப்பியோ ஏற்கெனவே பெரம்பலூரில் அவருடைய இரும்பு அலமாரியில், ஸ்டாக் நம்பர் ஒட்டிய உறைக்குள் தூங்கியது. செங்கமலத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

சேதி அன்று சாயங்காலமே பெரம்பலூருக்கு வந்துவிட்டது. காதில் விழுந்த நிமிஷமே அமலோற்பவமேரிக்கு என்ன நடந்தது என்று புரிந்தது. எழுந்து போய்ச் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். அன்று சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. திருச்சியிலிருந்து அவளை நிரந்தரமாக்கி ஆர்டர் வந்து, ராசாங்கத்தின் மேஜை டிராயருக்குள் இருந்தது. "நல்ல நாள் பாத்துத் தரேன், அரியலூர் எழவு முடியட்டும்" என்றிருந்தார். இன்னும் நாலு நாள், கையில் வாங்கியதும் சொல்லிவிடலாம் என்று அவள் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். இதுவரை ராசாங்கத்தைப் பார்த்துச் சிரித்தவளுக்கு, அவருக்கும் தனக்கும் இப்போது என்ன வித்தியாசம் என்று கேட்டுக்கொள்ளத் தைரியம் வரவில்லை. அப்படியே பதினாறு நாள் ஓடிற்று.

பதினேழாம் நாள் விதைப் பட்டியல் எங்கே என்று திருச்சியிலிருந்து ஃபோன் வந்தது. ராசாங்கம் அலமாரியைத் திறந்து, ஃப்ளாப்பிக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அமலோற்பவமேரியிடம் கொடுத்து, அரியலூருக்குக் கூட்டிப் போனார். விசாரணைக்குச் செங்கமலத்தையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவள் வராந்தா பெஞ்சில், மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இவளைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அமலோற்பவமேரி தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள்.

சீலை உடைத்தார்கள். ஃப்ளாப்பியைப் போட்டு மெஷினை எழுப்பி, அந்த ஒரு நிமிஷ கமாண்டைத் தட்டினாள். இடமில்லை என்றது. இருக்காதே. முதல் இடத்தில் வேறு ஃபைல்கள் அல்லவா சட்டமாக உட்கார்ந்திருந்தன. எல்லாவற்றையும் பெட்டிப் பெட்டியாக ஃப்ளாப்பியில் வெளியே எடுத்து, டிஸ்க்கைத் துடைத்து, சிஸ்டத்தை முதலில் வைத்து, மறுபடி எல்லாவற்றையும் உள்ளே ஏற்ற வேண்டும். காலையில் ஆரம்பித்தது மத்தியானம் ஆயிற்று. ஒரு ஃப்ளாப்பி ஓடும்போது தண்ணீர் குடிக்க வராந்தாவுக்கு வந்தாள். செங்கமலம் தானாகவே டம்ளரில் மொண்டு கொடுத்தாள்.

"அக்கா, எது போயிருச்சுக்கா?"

"எதுவும் போவல. எல்லாம் இருக்கு. சிஸ்டம் மட்டும் வரல."

"அந்த ரெண்டு ஃபைலா?"

அமலோற்பவமேரியின் கையில் டம்ளர் அப்படியே நின்றது. "உனக்குத் தெரியுமா?"

"என்ஜினீயர் சார் சொல்லிட்டுத்தானே போனாரு. மொதல்ல அதை மாத்திடறேன்னு நான் செயலாளர்கிட்ட கேட்டேன். அவரு உங்க கையெழுத்தைக் காட்டுனாரு. 'பெரம்பலூர்ல ஆறு வருசம் சர்வீஸ் உள்ளவ, தேவையில்லைன்னு கையெழுத்துப் போட்டிருக்கா, உனக்கு அவளைவிடத் தெரியுமா'ன்னாரு." செங்கமலம் புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "நான் அப்பவும் சண்டை போட்டிருப்பேன்க்கா. அவரு பேச்சை யாரு நம்பறது. உங்க கையெழுத்தா இருந்ததாலதான் விட்டுட்டேன். அக்கா போட்டிருந்தா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன். அது இல்லாம உங்களுக்கு எப்படிக்கா ஓடிச்சு?"

அவள் குத்திக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதுதான் அமலோற்பவமேரியால் தாங்க முடியாமல் போயிற்று.

"இல்லாம ஓடல. அவரு கை கழுவப் போனப்ப மாத்திட்டேன்."

செங்கமலம் விரலில் சுற்றியிருந்த தலைப்பை அவிழ்த்தாள். பிறகு, "அதை அந்தத் தாள்ல எழுதலியா?" என்றாள். அமலோற்பவமேரி டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

நாலு மணிக்கு மெஷின் எழுந்தது. ராசாங்கம் கைதட்டாத குறை. "நான் சொல்லல? ஆளு சரியா இருந்தா எல்லாம் சரியா இருக்கும். ரிப்போர்ட் எழுது. 'ஆபரேட்டரின் அறியாமையாலும் கவனக்குறைவாலும்'னு ஆரம்பி. இவளை நிறுத்திடலாம். நாளைக்கு நாள் நல்லா இருக்கு, உன் ஆர்டரையும் குடுத்துடறேன்."

அமலோற்பவமேரி பேனாவை எடுத்தாள். பயமாகத்தான் இருந்தது. அம்மாவின் விரல்கள் ஞாபகத்துக்கு வந்தன. அதையும் மீறி, இந்த ஆளோடு ஒரே காகிதத்தில் இன்னொரு தடவை கையெழுத்துப் போடுவதை நினைத்தால் குமட்டியது. எழுதினாள். பெரம்பலூரில் லிஸ்டில் இல்லாத இரண்டு ஃபைலைத் தான் மாற்றியதாகவும், மாற்றவில்லை என்று தான் போட்ட கையெழுத்து பொய் என்றும், அந்தப் பொய்யை நம்பித்தான் அரியலூரில் மெஷின் நின்றது என்றும், பதினாறு நாள் தெரிந்தே வாய் திறக்கவில்லை என்றும் எழுதினாள். செங்கமலத்தின் மேல் தவறில்லை என்று முடித்தாள்.

ராசாங்கம் படித்தார். காது மடல் சிவந்தது.

"இதைக் குடுத்தா உன் ஆர்டர் என்ன ஆவும்னு தெரியுமா?"

"தெரியுங்க."

"பேசாம இதைக் கிழிச்சுப் போட்டுட்டு நான் சொன்னதை எழுது. எனக்கும் நல்லது, உனக்கும் நல்லது."

"உங்களுக்கு நல்லதுன்னு ஒண்ணு செஞ்சுதானுங்க சார் இங்க வந்து நிக்கறேன்."

அவர் கிழிக்கக் கை ஓங்குவதற்குள் அவள் காகிதத்தை வாங்கிக்கொண்டு வெளியே போய், தபால் பதிவேட்டு மேஜையில் இருந்த பிச்சைமுத்துவிடம் கொடுத்தாள். பிச்சைமுத்து இருபது வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு நம்பர் போடும் கிளார்க். கல்யாணப் பத்திரிகை வந்தாலும் நம்பர் போடுவார். இதற்கும் போட்டார், முத்திரை குத்தினார், பதிவேட்டில் ஏற்றினார். நம்பர் விழுந்த காகிதத்தைக் கிழிக்க அந்தச் சங்கத்தில் ஆள் பிறக்கவில்லை. ராசாங்கம் வாசலில் வந்து நின்று அந்தப் பதிவேட்டைப் பார்த்தார். சொந்தக் கையாலேயே கட்டிய வேலியில் வேட்டி மாட்டிக்கொண்டவர் மாதிரி நின்றார்.

காகிதம் திருச்சிக்குப் போனது. ராசாங்கத்தை ஒன்றும் செய்யவில்லை. அவரை என்ன செய்ய முடியும்? வேறொரு சங்கத்துக்கு மாற்றினார்கள், போகும்போது ஆணிகளை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார். அமலோற்பவமேரியின் ஆர்டரை நிறுத்தி வைத்தார்கள். பொய்க் கையெழுத்து போட்டவள் என்று ஃபைலில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு. பழையபடி மூன்று மாதத்துக்கு ஒரு நாள் நிறுத்தம், மறுநாள் சேர்ப்பு. செங்கமலத்தை ஒரு மாதத்தில் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

ஆடி மாதம் விதைப் பட்டியல் சரிபார்க்கச் செங்கமலம் பெரம்பலூருக்கு வந்தாள். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நாள் முழுக்க வேலை பார்த்தார்கள். ஒரு வார்த்தை நல்லதாக வரும் என்று அமலோற்பவமேரி எதிர்பார்த்தாள், அதை எதிர்பார்க்க வெட்கமாகவும் இருந்தது. ஆர்டரையே விட்டுக் கொடுத்தவள் அல்லவா. சாயங்காலம் பட்டியலின் கடைசிப் பக்கத்தில் 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, செங்கமலத்திடம் நகர்த்தினாள்.

செங்கமலம் கையெழுத்துப் போடவில்லை. முதல் பக்கத்துக்குத் திருப்பி, விரல் வைத்து, ஒன்றாம் நம்பரிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.

"அரியலூர் கடைசி பஸ் போயிடும் செங்கமலம். நான்தான் பாத்துட்டேனே" என்றாள் அமலோற்பவமேரி.

"தெரியும்க்கா. நீங்க பாத்துட்டீங்க" என்றாள் செங்கமலம், தலை நிமிராமல். "நானும் ஒரு தடவை பாத்துடறேன்."